ஆறாவது கல்லில் ஒரு சத்தம்

அல்முட் ஹெல்விக்குக்குப் பிழைப்பு பல் செய்வது. பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர்களின் பாடு. அவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் காசெல் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பட்டறைக் கூடத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களின் வாய்க்குப் பீங்கானில் கேப் செய்து கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே விளக்கு. கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தைப் பார்த்தே இந்த ஆள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இந்த அம்மாள் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவாள். பள்ளியில் படித்த காலத்தில் உயிரியல் படிக்க ஆசை, மதிப்பெண் போதவில்லை. அதற்காக அவள் அழுது புரண்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கும் புத்தி மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடக்கப் போனால் அவள் கணவன் எக்கார்ட் அரை கிலோமீட்டர் முன்னால் போய்க் கைகட்டி நிற்பான். இவள் பின்னால் எங்கோ ஒரு மக்கிய மரக்கட்டையைப் புரட்டிப் போட்டு அதன் முன்னால் குந்தியிருப்பாள்.

எக்கார்ட் டிராம் ஓட்டுகிறவன். அவசரமே இல்லாத மனிதன். தண்டவாளம் போகிற பக்கம்தானே போக முடியும் என்பான்.

தொட்டி அவர்கள் வீட்டுக்கு வந்தது அவளுடைய நாற்பத்தாறாவது வயதில். கூடத்துக்கு வேலை கொடுத்துவந்த ஒரு பல் டாக்டர் வயதாகிவிட்டது என்று கடையைக் கட்டினார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்த கண்ணாடித் தொட்டியை யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல தடித்த கண்ணாடி. ஒன்றேகால் மீட்டர் நீளம், முந்நூறு லிட்டர் பிடிக்கும். அல்முட் கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகுதான் யோசித்தாள்.

நாலு பேர் சேர்ந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். எக்கார்ட் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"இதுல என்ன போடப்போற?"

"கடல்."

"காசெல்லயா?"

"இங்கதான் கடலே இல்லையே, அதான்."

வீடு நூற்றுப்பத்து வருடத்துக் கட்டடம். தரைக்கு அடியில் மரச்சட்டங்கள். வீட்டுக்காரர் ஒரு பொறியாளரை அனுப்பினார். அவர் குதித்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, கனமான சுவரை ஒட்டி, சட்டங்களுக்குக் குறுக்காக வைத்தால் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு அல்முட் கீழ்வீட்டுக்குப் போனாள். முதல் மாடியில் இருந்தவர் வெண்டலின் ஓப்பர்மன். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். அறுபதைத் தொட்டவர், தனியாள். ஏழு வருடமாக மாடிப்படியில் வணக்கம் சொல்வதைத் தாண்டி இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

"அரை டன்னு கேள்விப்பட்டேன், ஃப்ராவ் ஹெல்விக்."

"நானூத்தி எழுபது கிலோ."

"எனக்கு எங்க மேல வருது?"

"உங்க சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேல."

ஓப்பர்மன் திரும்பி மேஜையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "அப்ப பியானோ தப்பிச்சுது. போனா நான்தான் போவேன்" என்றார். மறுநாள் ஏணி போட்டு, கூரையில் ஏற்கெனவே இருந்த மெல்லிய விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்தார். சனிக்கிழமைதோறும் மேலே வந்து, "கோடு தாண்டல" என்று தகவல் சொல்லிவிட்டுப் போவார்.

கடல் செய்வது லேசில்லை. குழாய்த் தண்ணீரை வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதிலிருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒன்றுமில்லாத தண்ணீராக்க வேண்டும். அதில் கடல் உப்பைக் கரைத்து, பம்பு வைத்து ஒரு நாள் முழுக்கச் சுழல விட வேண்டும். வெதுவெதுப்பாக இருபத்தைந்து டிகிரி. ஒரு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தால் அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் கணக்கு. அல்முட்டுக்கு இது பிடித்திருந்தது. பீங்கான் பொடியைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் குழைத்துப் பழகிய கை. ஆனால் ஒன்று அவளுக்குப் புதிது. தண்ணீர் தினமும் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். முதல் வாரம் அவள் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தாள். மிதவை மேலே மேலே ஏறி நின்றபோதுதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு கற்கள். ஊரில் கடல்தொட்டிக்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். அதன் தலைவர் இங்கோ ரஷ்கே தன் பழைய தொட்டியைக் கலைத்தபோது ஒன்பது கற்களைக் கொடுத்தார். கல் என்றால் வெறும் கல்லில்லை. எந்தக் காலத்துப் பவழமோ செத்து இறுகிப்போனது. உள்ளே முழுக்க ஓட்டையும் சந்தும். அதற்குள் ஒரு கடலே ஒளிந்திருக்கிறது, இதைப் போட்டால் தண்ணீர் தானாகத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளப் பழகிவிடும் என்றார் இங்கோ. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மீன்பெட்டியில் வைத்து, டிராமிலேயே கொண்டுவந்தார்கள். ஓட்டியது எக்கார்ட்டின் நண்பன். பெட்டி நாறிய நாற்றத்தில் இரண்டு பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்களாம்.

கல் போட்டாயிற்று. மீன் போடக்கூடாது, ஆறு வாரம் பொறு என்று சொல்லியிருந்தார்கள். கல்லில் செத்தவை அழுகித் தண்ணீரில் நஞ்சு ஏறும், அது இறங்க வேண்டும். அல்முட் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தாள். மணல் பழுப்பாயிற்று. பிறகு பச்சை முடி முளைத்தது. நுரையை வழித்தெடுக்கும் குழாயின் கிண்ணத்தில் கறுப்புத் தேநீர் மாதிரி ஒன்று சேர்ந்தது. அது ஒருநாள் எக்கார்ட்டின் சட்டையில் கொட்டி, அந்தச் சட்டையைப் பேசாமல் குப்பையில் போட்டார்கள்.

ஆறு வாரம் முடிந்தது. நஞ்சு இறங்கிவிட்டது. மீன் வாங்கலாம். ஆனால் அல்முட் வாங்கவில்லை.

காரணம் கற்கள். மூன்றாவது வாரத்தில் இரண்டாவது கல்லிலிருந்து ஒரு விசிறி வெளியே வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு, வெள்ளை இறகு மாதிரி. அவள் மூச்சு விட்டதும் சட்டென்று உள்ளே போய்விட்டது. அது ஒரு புழு என்று புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அடுத்த நாள் நாலாவது கல்லின் அடியிலிருந்து ஒரு பாம்புக்கை நீண்டது. மயிர் முளைத்த மெல்லிய கை, ஒரு நட்சத்திர மீனுடையது. பிறகு ஊதா நிறத்தில் ஒரு கடற்பஞ்சுத் திட்டு. பிறகு அரிசியைவிடச் சின்னதாகக் குதிக்கிற பூச்சிகள். கூடத்திலிருந்து பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். நீண்ட கம்பி நுனியில் வட்டக் கண்ணாடி. அதைத் தண்ணீருக்குள் விட்டால் கற்களின் முதுகுப்புறம் தெரியும். வாய்க்குள் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஒரு நோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் எழுத்துப் போட்டு, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று குறித்துவைத்தாள். மீனை விட்டால் இதில் பாதியைத் தின்றுவிடும். யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் முன்பே எப்படி விடுவது?

சொந்தக்காரர்கள் வந்தார்கள், மீன் பார்க்க. எக்கார்ட்டின் அக்கா ரோஸ்விதா கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் நின்றாள்.

"மீன் எங்க ஒளிஞ்சிருக்கு?"

"மீன் இல்ல."

"செத்துப்போச்சா?"

"இன்னும் வாங்கல."

ரோஸ்விதா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "உன் பொண்டாட்டி கல்லுக்கு ஹீட்டர் போட்டு வச்சிருக்கா, எக்கார்ட்."

"லைட்டும் போட்டிருக்கா" என்றான் எக்கார்ட். "கல்லு இருட்டுல பயந்துக்குமாம்."

அவன் கேலியில் விஷம் கிடையாது. ஆனாலும் அவனுக்கும் மீன் மேல் ஆசை இருந்தது. காத்திருந்தான். சொல்லவில்லை.

பாசியைத் தின்னட்டும் என்று டிசம்பரில் பத்து நத்தைகள் வாங்கிவிட்டாள். ஜனவரியில் ஏழுதான் இருந்தன. அந்த மாதமே ஒரு சனிக்கிழமை ஓப்பர்மன் வந்தார். வழக்கமாக வாசலிலேயே நிற்கிறவர், அன்றைக்கு உள்ளே வந்தார்.

"கோடு தாண்டலையே?" என்றாள் அல்முட்.

"கோட்ட விடுங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. காலைல எட்டு மணிக்கு உங்க வீட்ல யார் வாதுமைக் கொட்ட உடைக்கிறது?"

அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. எக்கார்ட் முதல் டிராமுக்குப் போய்விடுவான், இவள் ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள்.

"டக்குனு ஒரு அடி. அப்புறம் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் இன்னொண்ணு. உங்க பம்பு ஒரு ஸ்வரத்துல பாடிக்கிட்டே இருக்கு, கொஞ்சம் இறங்கின ஸ்வரம், அது எனக்குப் பழகிப்போச்சு. இது அது இல்ல."

அல்முட் தொட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளும் ஞாயிறு காலைகளில் இரண்டொரு முறை கேட்டிருக்கிறாள். ஹீட்டர் என்று நினைத்திருந்தாள். "கண்ணாடி விரிசல் விடுதோ?"

"கண்ணாடியா இருந்தா கிண்ணுனு ஒரு வால் இருக்கும். இதுக்கு வாலே இல்ல. எலும்பு எலும்புல பட்ட மாதிரி." அவர் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். முதல் தடவையாக அதைச் சரியாகப் பார்த்தார். "அந்த இறகு மாதிரி இருக்கே, அது உயிரோட இருக்கா?"

அன்றைக்கு அவர் ஒரு மணி நேரம் இருந்தார். சத்தம் கேட்கவில்லை. போகும்போது, "நாளைக்கு எனக்கு வேலை இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அல்முட் நத்தை ஓடு ஒன்றை மணலில் கண்டெடுத்தாள். காலி. விளிம்பு உடைந்திருந்தது. நண்டாக இருக்கும் என்று அவள் முதலில் நினைத்தாள். திங்கட்கிழமை அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கூடத்துக்குப் போய், மதிய இடைவேளையில் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள்.

வைத்த மாத்திரத்தில் மெல்லுவது நின்றுவிட்டது. நண்டு என்றால் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்திருக்கும். இங்கே கொறித்த தடமே இல்லை. ஒரே ஒரு புள்ளி, அதிலிருந்து சிலந்திவலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடிய கோடுகள். இந்த மாதிரி உடைவை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஆலிவ் பழத்தைக் கொட்டையோடு கடித்துவிட்டு, கேப் உடைந்துவிட்டது என்று வந்து நிற்பவர்களின் பீங்கானில் இப்படித்தான் இருக்கும். அழுத்தி உடைத்ததில்லை, அடித்து உடைத்தது. ஒரே அடி. அவள் தொட்டிக்குள் யாரோ சுத்தியல் வைத்திருந்தார்கள்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் உடைந்த நத்தை ஓட்டை மேஜையில் வைத்தாள். இங்கோ ரஷ்கே ஒரு தடவை பார்த்துவிட்டு பியரைக் கீழே வைத்தார்.

"கும்பிடுபூச்சி இறால். என் கல்லுலயா வந்துது? பதினோரு வருஷம் வச்சிருந்தேன், ஒருநாளும் பாத்ததில்லையே."

அது இறாலும் இல்லை, கும்பிடுபூச்சியும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒன்று. மார்புக்கு அடியில் இரண்டு கைகளை மடித்து வைத்திருக்கும். அந்தக் கையின் முட்டியால் அடித்தால் நத்தை, நண்டு எது வந்தாலும் தூள். கண்ணுக்குத் தெரியாத வேகம்.

"எப்படி இருக்கும்?" என்றாள் அல்முட்.

"எப்படி இருந்தா என்ன? எந்தக் கல்லுன்னு கண்டுபிடிச்சு, வெளிய எடுத்து, கொதிக்கிற தண்ணிய ஓட்டைல ஊத்து. நீ மீன் விட்டா ஒண்ணு மிஞ்சாது."

"அதான் மீன் இல்லையே."

"மூணு மாசமாச்சே" என்று ஆரம்பித்து, இங்கோ அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கொதிக்கிற தண்ணீர் ஊற்றவில்லை. அதற்குப் பதிலாக விடியற்காலையில் எழ ஆரம்பித்தாள். குளிர்காலத்து ஆறு மணி, வெளியே இன்னும் வெளிச்சம் வராத நேரம். தேநீரோடு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு எதுவும் ஒளிந்துகொள்ளாதபடி சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தாள். சத்தம் வரும், எங்கிருந்து என்று தெரியாது. தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது போல, தொட்டி முழுவதும் ஒரே நேரத்தில் அடித்த மாதிரி இருக்கும். பிப்ரவரி முழுக்க அப்படியே போயிற்று. நத்தை நாலு ஆயிற்று. ஒரே ஒரு தடவை, எந்தக் கல் என்று நிச்சயமில்லாத ஒரு நிழலில் இரண்டு பச்சை உருண்டைகள் தெரிந்தன. ஒன்று அவளைப் பார்த்தது, இன்னொன்று வேறு பக்கம் பார்த்தது. இமைப்பதற்குள் இரண்டும் இல்லை. அன்றைக்கு அவள் செய்த கேப் ஒன்று அளவு தப்பித் திரும்பி வந்தது.

மார்ச் எட்டாம் தேதி அவள் பிறந்தநாள், சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன எக்கார்ட் மதியம்தான் திரும்பினான். கையில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தான். உள்ளே பிளாஸ்டிக் பையில் தண்ணீர்; தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள்.

"டோர்ட்மண்ட் வரைக்கும் போனேன்" என்றான். "தொட்டியிலயே பொரிச்ச குஞ்சாம், கடல்ல பிடிச்சது இல்ல. நீ அதப் பாப்பேன்னு தெரியும், அதான் விசாரிச்சு வாங்கினேன்."

அல்முட் மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இறாலைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தாள். ஆனால் அவன் அதை அவளுடைய ஓட்டைக் கணக்குகளில் ஒன்று என்று விட்டுவிட்டான்.

"எக்கார்ட், இதுங்கள உள்ள விட முடியாது."

"ஏன்?"

"ஒரு வாரம் தாங்காது."

அவன் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தான். கோபம் வந்தால்கூடக் கத்துகிறவன் இல்லை. "அஞ்சு மாசமா எல்லாரும் வந்து கல்லப் பாத்துட்டுப் போறாங்க" என்றான். "நானும் கல்லத்தான் பாக்கறேன். நீ அந்த நோட்டுல எழுதற. ஒருநாளாவது அதுல ஏதாவது நீந்துனா நல்லாருக்குமேனு நினைச்சேன். அவ்வளவுதான்."

பையில் இருந்த மீன்களில் பெரியது சின்னதை மூக்கால் இடித்தது. சின்னது உடம்பைக் குலுக்கிக் காட்டியது.

அல்முட் உள்ளே போய் வாளி கொண்டுவந்தாள், தொட்டித் தண்ணீர் நிரப்பி, உதிரி ஹீட்டரையும் குமிழி விடும் காற்றுக்கல்லையும் அதில் போட்டாள். மீன்களுக்கு இன்றைக்கு அது போதும். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னைக்கே பிடிச்சிடலாம். ஆனா எனக்கு அது எந்தக் கல்லுன்னு தெரியல. கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது போல."

எக்கார்ட் எழுந்து, கோட்டைக் கழற்றாமலே கீழே இறங்கிப் போனான். ஓப்பர்மனோடு திரும்பி வந்தான். ஓப்பர்மன் கையில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி இருந்தது. பியானோவுக்குள் எங்கோ ஒரு பாகம் தளர்ந்து அதிர்ந்தால், இதன் ஒரு நுனியை மரத்தில் வைத்து, மறுநுனியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்பாராம்.

"காத்துல கேட்டா எல்லாம் கலந்துடும்" என்றார். "குச்சி பொய் சொல்லாது."

"நனையுமே."

"நனையட்டும். பிறந்தநாள் பரிசுன்னு வச்சுக்கங்க."

நாற்காலி போட்டு ஏறி நின்றார். குச்சியை முதல் கல்லின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எக்கார்ட் பம்பை நிறுத்தினான். அல்முட் இடுக்கியில் ஒரு சிப்பியைப் பிடித்து, தொட்டியின் நடுவில் மெல்ல ஆட்டினாள், மணம் பரவட்டும் என்று. கீழே தெருவில் டிராம் திரும்பும் சத்தம் கேட்டது. ஏழு நிமிடம் கழித்து ஒரு டக்.

"தூரம்" என்றார் ஓப்பர்மன்.

மூன்றாவது கல். டக். "தூரம்." ஐந்தாவது. நெடுநேரம் ஒன்றுமில்லை. எக்கார்ட் கால் மாற்றி நின்றான். "தூங்கிடுச்சோ?"

"ஷ்ஷ்."

டக். "கிட்ட." குச்சியை ஆறாவது கல்லுக்கு நகர்த்தினார். அல்முட் சிப்பியை அதன் அருகே கொண்டுபோனாள். இந்த முறை அவர் காதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார், யாரோ அறைந்த மாதிரி.

"இங்கதான் இருக்கார்."

ஆறாவது கல்லைத் தூக்கி இன்னொரு வாளியில் வைத்தார்கள். அதில் பதினோரு ஓட்டை. அல்முட் பீச்சாங்குழலில் சாதாரணமாக வீட்டில் குடிக்கிற காற்றடைத்த சோடாத் தண்ணீரை எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அந்தக் குமிழி பிடிக்காமல் வெளியே வரும் என்று படித்திருந்தாள். முதல் ஓட்டையிலிருந்து ஒரு புழு வந்தது. அதை மன்னிப்புக் கேட்கிற மாதிரி எடுத்துத் தொட்டியில் விட்டாள். நாலாவது ஓட்டையில் விட்டதும் பச்சையாக ஏதோ வில்லிலிருந்து விட்ட மாதிரி பாய்ந்து வாளியின் அடியில் போய் நின்றது.

அவள் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னது. அவள் விரல் நீளம்கூட இல்லை. ஆலிவ் பச்சை, கால்களின் ஓரத்தில் மட்டும் சிவப்பு. மடித்த கைகளை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தண்டுகளின் நுனியில் இருந்த கண்களைத் தனித்தனியே திருப்பி மூன்று பேரையும் பார்த்தது. முதலில் எக்கார்ட்டை, பிறகு ஓப்பர்மனை. பிறகு இரண்டு கண்ணும் சேர்ந்து அல்முட்டின் மேல் நின்றன. அவள் இடுக்கியை மெல்ல நீட்டினாள். டிங் என்று ஒரு சத்தம். இடுக்கி கையில் அதிர்ந்தது. அடித்ததை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

"இவ்வளவுண்டு உடம்பா இந்தப் போடு போட்டது?" என்றான் எக்கார்ட். அவன் மண்டியிட்டு வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் நுனி நனைந்திருந்தது.

கொதிக்கிற தண்ணீர் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எங்கே வைப்பது? இரண்டாவது தொட்டி என்றால் இந்த வீட்டில் படுக்கைக்கு அடியில்தான் இடம் என்றான் எக்கார்ட். ஓப்பர்மன் குச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கீழ என் ஜன்னலோரம் இடம் இருக்கு. எப்படியும் இவர் போடற சத்தத்த நான்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன். பாத்துக்கிட்டே கேக்கறேனே."

நாற்பது லிட்டரில், அடித்தாலும் உடையாத அக்ரிலிக்கில் ஒரு தொட்டி. அதில் ஆறாவது கல். அடுத்த வாரமே அது ஓப்பர்மன் வீட்டுக்குப் போயிற்று. கோமாளி மீன்கள் மேலே நீந்தின. எக்கார்ட் வேலை முடிந்து வந்ததும் அவற்றின் முன்னால் உட்கார்ந்து ரொட்டியும் ஆலே வுர்ஸ்ட் என்கிற அந்த ஊர்த் தொத்திறைச்சியும் சாப்பிடுவான். அல்முட் தினமும் கூடத்திலிருந்து வந்ததும் முதலில் முதல் மாடிக் கதவைத்தான் தட்டினாள். இறால் சின்னக் கற்களை அடுக்கி வாசல் வைக்கிறது, காலையில் வாசலைத் திறக்கிறது, சிப்பியை உடைத்தால் ஓடுகளை எல்லாம் ஒரே மூலையில் குவிக்கிறது. ஓப்பர்மன் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு மாலை அவர் செருப்புகூடப் போடாமல் மேலே ஏறி வந்தார். இறால் ஒரு வாரமாக வாசலைக் கல்லால் அடைத்துவிட்டு உள்ளேயே இருந்தது. இன்றைக்கு வாசல் திறந்திருக்கிறது, வெளியே பிணம் கிடக்கிறது என்றார்.

அல்முட் அவரோடு கீழே இறங்கிப் போய், அதை இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். காற்றாக இருந்தது. கால், வால், கண்ணின் மேல் இருந்த சவ்வு எல்லாம் அப்படியே, ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. ஒளி ஊடுருவியது.

"சாகல" என்றாள். "சட்டைய உரிச்சுப் போட்டிருக்கு. ஆள் உள்ள இருக்கார், உடம்பு கெட்டியாகற வரைக்கும் வெளிய வரமாட்டார்."

ஓப்பர்மன் அப்படியே பியானோ முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புட்டியும் இரண்டு சின்னக் கிளாஸும் எடுத்தார். "நான் வெண்டலின்" என்றார், இனிமேல் பேர் சொல்லியே கூப்பிடலாம் என்கிற மாதிரி கிளாஸை நீட்டி. எட்டு வருடத்து "நீங்க" அன்றோடு போயிற்று.

உரித்த கையை அல்முட் மறுநாள் கூடத்துக்கு எடுத்துப் போனாள். உருப்பெருக்கியில் அந்த முட்டி தெரிந்தது. நாலு மாதம் நத்தையையும் சிப்பியையும் அடித்ததில் அடிபடும் இடம் முழுக்கக் குழி குழியாக, தேய்ந்து, ஓரம் சிதறியிருந்தது. உழைத்த கடைவாய்ப் பல் போல. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் செய்து கொடுக்கும் பல் தேய்ந்தால் மனிதர்கள் திரும்பி அவளிடம்தான் வர வேண்டும். இவரோ கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் உள்ளே இருந்து, பழையதைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டுப் புதிதோடு வருகிறார். மனிதர் வாயில் இருக்கும் பல்லுக்கு இதை யாரும் ஏன் சொல்லித் தரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று வாரம் கழித்து அதன் புது முட்டியை உயிரோடு பார்க்க முடியுமா என்று வெண்டலின் வீட்டில் உருப்பெருக்கும் கண்ணாடியோடு போய் உட்கார்ந்தாள். ஒரு தடவை பார்த்தாள். வழவழவென்று, அன்றுதான் மெருகேற்றிய பீங்கான்.

ஏழு சட்டைகள் அவளிடம் சேர்ந்தன. ஒவ்வொன்றின் முட்டியையும் படமெடுத்தாள். எந்த உணவு எந்த விதமாகத் தேய்க்கிறது என்று எழுதினாள். சங்கத்தில் ஒருநாள் அதைக் காட்டிப் பேசினாள். இங்கோ கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வந்து, "அந்த ஏழாவது படம் எனக்கு ஒண்ணு வேணும்" என்றார். "பதினோரு வருஷம் என் வீட்ல இருந்திருக்கு, பாரேன்."

மூன்றாவது வருட இலையுதிர் காலத்தில் இறால் செத்தது. இந்த முறை உரித்த சட்டை இல்லை, உள்ளே உடம்பு இருந்தது. வயது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வெண்டலின் இரண்டு நாள் கீழ்வீட்டில் பியானோ வாசிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, அந்தத் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம், கல்லில் வேறு யாராவது இருக்கிறார்களா பார்ப்போம் என்றார்.

அதற்கடுத்த வருடம், அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, எக்கார்ட் செங்கடல் கரைக்குப் பத்து நாள் பயணம் போட்டான். இத்தனை வருடம் வீட்டில் கடல் வைத்திருந்தவள், பவழம் இருக்கும் கடலை நேரில் பார்த்ததில்லை. முதல் நாள் காலை முகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குப்புறப் படுத்தாள். மீன்களைப் பார்க்கும் முன்பே அவளுக்குக் காதில் ஏதோ கேட்டது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி, எல்லாப் பக்கமும், இடைவிடாமல், படபடவென்று. தலையைத் தூக்கினாள், ஒன்றுமில்லை, காற்றும் கரையில் யாரோ சிரிக்கும் சத்தமும்தான். மறுபடி முகத்தை உள்ளே வைத்தாள். ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒவ்வொரு கல்லுக்குள்ளும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கரையில் குடைக்கு அடியில் மூக்கு சிவந்துபோய் எக்கார்ட் உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் முகத்தை வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தான்.

"கண்ணாடி வேணாம்" என்றாள், மூச்சு வாங்க. "மல்லாந்து படு. காது மட்டும் உள்ள இருந்தாப் போதும்."

"என்ன கேக்கும்?"

"நீ வந்து படேன்."

அவன் முனகிக்கொண்டே வந்தான். தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மல்லாந்து மிதந்தான். அவன் கண்கள் வானத்தைப் பார்த்தபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாயின. அவள் அவன் முதுகுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் அவன் எழவில்லை.

"வெண்டலினக் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும்" என்றான் கடைசியில். "அந்தக் குச்சியோட."